செபு தீவின் நான்கு நிறக் குருவி



தோட்டத்துப் பழமரக் கிளைகளில் புல்லுருவி கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அங்கே நட்டது யார்? பூக்கொத்தி என்னும் சின்னஞ்சிறு குருவிதான். புல்லுருவிப் பழம் அதற்கு மிகவும் விருப்பம். பழத்தின் சதை விரைவில் செரித்துவிடும். பசை ஒட்டிய விதை எச்சத்தோடு வெளியே வரும். குருவி அதைக் கிளையில் தேய்த்துவிடும். விதை அங்கேயே முளைத்து வேர் விடும். குருவிக்கு உணவு; செடிக்கு இருப்பிடம்.

நம் நாட்டில் வீட்டுத் தோட்டங்களில்கூட முதுகு சிவந்த பூக்கொத்தியைக் காணலாம். ஆனால் இதன் உறவுப் பறவை ஒன்றின் கதை வேறு.

சபா மாநிலத்திற்கு வடகிழக்கே பிலிப்பைன்ஸ் நாடு இருக்கிறது. அங்கே செபு என்று ஒரு தீவு. நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அகலமோ மிகவும் குறைவு. செபுப் பூக்கொத்தி உலகில் இந்த ஒரு தீவில்தான் வாழ்கிறது. ஆண் பறவைக்குத் தலை கருநீலம், முதுகு சிவப்பு, அதன் கீழே மஞ்சள், வயிறு வெண்மை. 1877ஆம் ஆண்டு அறிவியலார் வைத்த பெயரும் 'நான்கு நிறம்' என்றே பொருள்படும்.

விவசாயத்திற்காகவும் விறகுக்காகவும் செபுவின் காடுகள் வெட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பகுதி போய்விட்டது. நம் பூக்கொத்தி வீட்டு மரத்திலும் பிழைத்துக்கொள்ளும். செபுப் பறவைக்கோ அடர்ந்த காட்டின் உயர்ந்த மரங்கள் வேண்டும். தீவில் பிறந்த பறவை, காடு போனால் எங்கே போகும்? சுற்றிலும் கடல்தானே! இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் இதைக் காணவே முடியவில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள்.

1992ஆம் ஆண்டு ஒரு வியப்பு நிகழ்ந்தது. தபூனான் என்னும் இடத்தில், சுண்ணாம்புக்கல் குன்றுகளின் நடுவே எஞ்சிய ஒரு துண்டுக் காட்டில் அந்தக் குருவி மீண்டும் கண்ணில் பட்டது! கரடுமுரடான பாறை நிலமாக இருந்ததால் அந்த மரங்கள் தப்பியிருந்தன. அந்த மரங்களே குருவியையும் காப்பாற்றின.

2007ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு மத்திய செபு மலைப்பகுதியைச் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. செபு நகருக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளும் அதில் அடங்கும். குருவிக்கு வேண்டிய காடு மனிதனுக்கும் வேண்டியதே. ஆனாலும் ஆபத்து நீங்கவில்லை. இப்போதும் மிகச் சில பறவைகளே எஞ்சியுள்ளன.

பெற்றோர்களே, ஓடைக்கரையிலும் குன்றுச் சரிவிலும் நிற்கும் பழைய மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "வெறும் நாலு மரம்தானே" என்று நாம் நினைக்கலாம். செபுவில் ஒரு பறவை இனத்தின் உயிர் அத்தகைய சில மரங்களில்தான் தங்கியிருந்தது.