கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் நுண்பெருக்கி

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோடைமழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், எமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் ஒரே இரவில் ஏழு ஆடுகள் பட்டியிலேயே மடிந்து கிடந்தன. முன்தினம் மாலைவரை அவை நன்றாக மேய்ந்தவை. வரப்புத் தகராறு கொண்டிருந்த பங்காளியே தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார் என்று ஆட்டுக்காரர் கூறினார். அம்மனுக்குச் செய்ய வேண்டிய கொடை நின்று போனதே காரணம் என்றனர் வேறு சிலர். பஞ்சாயத்து கூடியது. கைகலப்பு நேரும் போலிருந்தது. மற்றொருபுறம், செத்த ஆடுகளை அறுத்துக் கூறுபோடக் கத்தியும் தீட்டப்பட்டது.

நல்லவேளையாக, அனுபவம் மிக்க அங்கத்தினர் ஒருவர் கத்தியைத் தடுத்து நிறுத்திக் கால்நடை மருந்தகத்துக்கு ஆள் அனுப்பினார். மருத்துவர் வந்து, ஓர் ஆட்டின் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டொன்றில் மெல்லத் தடவிச் சென்றார். மருந்தகத்தில் அதற்குச் சாயமேற்றி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபின், "தலைவர் ஐயா, நீங்களே பாருங்கள்" என்று விலகி நின்றார். தலைவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மூங்கில் துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்தாற்போல் நீலநிறக் கோல்கள். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை. அதுவே அடைப்பான் நோய்க் கிருமி. விஷம் வைத்தவர் எவருமிலர் என்பது அப்போது விளங்கிற்று. ஒரு பழி நீங்கியது. அந்த இறைச்சியைத் தொட்டிருக்கக்கூடிய பல குடும்பங்களும் தப்பின.

இத்தகைய உதவியைச் செய்யும் கருவியைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

கருவி பிறந்த கதை

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரியான லீவன்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த சிறு வில்லையைக் கொண்டு, 1670-களில் நீர்த்துளியில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டார். நோய்க்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பு வெகுகாலம் கழித்தே நிலைநாட்டப்பட்டது. ஜெர்மானிய நாட்டுப்புற மருத்துவர் ராபர்ட் காக், 1876-இல் அடைப்பான் நோயின் காரணத்தையும், 1882-இல் காசநோய்க் கிருமியையும் வெளிப்படுத்தினார். 1897-இல் நமது நாட்டின் செகந்திராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டார். இவர்கள் அனைவருக்கும் துணைநின்றது நுண்பெருக்கியே.

உறுப்புகள்

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். நமது இரத்தத்தின் சிவப்பு அணு ஏழெட்டு மைக்ரான் அகலமுடையது. அடைப்பான் கிருமியோ ஒன்று அல்லது ஒன்றரை மைக்ரான் பருமனே உள்ளது. இவற்றைக் காண்பதற்கு இரண்டு வில்லைத் தொகுதிகள் வேண்டும். கண்ணை வைக்கும் இடத்தில் இருப்பது கண்ணருகு வில்லை. பொருளுக்கு மேலே இருப்பது பொருளருகு வில்லை. முன்னது பத்து மடங்கும், பின்னது நாற்பது மடங்கும் பெருக்குமாயின், பொருள் நானூறு மடங்காகத் தோன்றும். பொருளருகு வில்லைகள் மூன்றோ நான்கோ ஒரு சுழலும் தட்டில் பொருத்தப்பட்டிருக்கும், வேண்டியதைத் திருப்பிக்கொள்ளலாம். நூறு மடங்கு வில்லையை உபயோகிக்கும்போது, வில்லைக்கும் கண்ணாடித் துண்டுக்கும் இடையே ஒரு சொட்டுத் தனி எண்ணெய் விடுவர். அப்போதுதான் ஒளி சிதறாமல் உருவம் தெளிவுறும்.

கண்ணாடித் துண்டை வைக்கும் தளம் மேடை. அதன் கீழிருந்து ஆடியோ விளக்கோ ஒளியை அனுப்ப, ஒளிகுவிப்பான் அதை ஒன்றுகூட்டுகிறது. பக்கத்திலுள்ள பெரிய திருகு உருவத்தை ஏறக்குறைய நிலைக்குக் கொணரும். சிறிய திருகு அதனைக் கூர்மையாக்கும். ஒளி போதாவிடில் எவ்வளவு பெருக்கினாலும் பயனில்லை. கிருமிகள் பெரும்பாலும் நிறமற்றவை, ஆகவேதான் சாயமேற்றுகின்றனர்.

வகைகள்

மேற்கூறியது கூட்டு நுண்பெருக்கி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கால்நடை மருந்தகத்திலும் காணப்படுவது இதுவே. விதைகளையும் பூச்சிகளையும் அறுக்காமல், முழுப் பொருளாகவே இரு கண்ணாலும் பார்ப்பதற்குக் குறைந்த பெருக்கமுடைய இருகண் நுண்பெருக்கி உண்டு. சாயம் ஒளிர்வதைக் கொண்டு கிருமியை விரைவில் தேடித்தரும் ஒளிர்வு நுண்பெருக்கியும் உண்டு. வைரஸ்களுள் மிகப் பெரும்பாலானவை சாதாரண ஒளிக்கு அகப்படா. அவற்றை எலெக்ட்ரான் நுண்பெருக்கியே காட்டும். அது 1931-இல் ஜெர்மனியில் உருவாயிற்று. பள்ளி மாணவர்க்கென மடித்த காகிதத்தால் செய்யப்படும் மலிவான நுண்பெருக்கியும் 2014-இல் அறிமுகமாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

நுண்பெருக்கி மந்திரக்கோல் அன்று. நாம் கொடுக்கும் மாதிரி சரியாக இருந்தால்தான் அது சரியான விடை கூறும். வயலுக்குத் தகுந்த விதையிட்டால்தானே விளைச்சலை எதிர்பார்க்க இயலும்?

காய்ச்சல் கண்டவர், மாத்திரை விழுங்குமுன்னரே இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பவர், உமிழ்நீரை அன்று, ஆழ்ந்து இருமி வரும் சளியைக் காலையில் எடுத்து மூடிய குப்பியில் கொடுத்தல் வேண்டும். கிருமிகள் மிகக் குறைவாயிருப்பின் நுண்பெருக்கிக்குத் தப்பிவிடும். அதனாலேயே இக்காலத்தில் காசநோயைக் கண்டறிய மரபணுச் சோதனையும் செய்யப்படுகிறது. "கிருமி காணப்படவில்லை" என்ற ஒரு சீட்டைக் கண்டு இருமலைப் புறக்கணித்தலாகாது.

மெலிந்துவரும் ஆடுமாடுகளின் புதிய சாணத்தை மருந்தகத்தில் காட்டினால், குடற்புழுக்களின் முட்டைகளை அங்கே கண்டறிந்து தக்க மருந்தைக் கொடுப்பர். தக்காளி, கத்தரி முதலிய செடிகளின் வேரில் முடிச்சுகள் கண்டால், வேரையும் வேரடி மண்ணையும் வேளாண்மை அலுவலரிடம் காட்டுதல் நன்று. அது நூற்புழுவா என்பதை நுண்பெருக்கி தெரிவிக்கும். நோயறியாது மருந்தடித்துப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. திடீரென்று மடிந்து, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்த ஆட்டையோ மாட்டையோ ஒருபோதும் அறுத்தலாகாது, தோலை உரித்தலுமாகாது. காற்றுப் பட்டதும் அடைப்பான் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிருடன் கிடக்கும். தொட்டவர் கையில் கருநிறப் புண்ணும், சில வேளை மரணமும் நேரலாம். நாள் கடந்து உடல் அழுகினால் சோதனையும் பயன்படாது. ஆகவே உடனே மருத்துவருக்குச் சொல்லியனுப்புக. இரத்தத்தை அவரே எடுக்கட்டும். பின்னர் அவர் காட்டும் முறைப்படி உடலை ஆழப் புதைத்தலோ எரித்தலோ வேண்டும். இந்நோய் கண்ட ஊர்களில் மற்ற கால்நடைகளுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதல் வேண்டும். இத்தடுப்பூசி நமது மாநிலத்தில் இராணிப்பேட்டையிலேயே தயாரிக்கப்படுகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தம் பகுதி மருந்தகத்துக்கு ஒருமுறை சென்று, நுண்பெருக்கி தூசியின்றி மூடப்பட்டுள்ளதா, விளக்குக்கு மின்சாரம் உண்டா, அதனைக் கையாளுவோர் உளரா என்று கேட்டறிதல் நன்று. குறை இருப்பின் அடுத்த கூட்டத்திலேயே அதைப் பொருளாக வைக்கலாம்.

அந்தச் சிற்றூரில் பட்டிக்காரரும் பங்காளியும் இன்று ஒரே குளத்தில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகின்றனர். காரணம் தெரியாத இடத்தில்தான் பகையும் பயமும் குடிபுகுகின்றன. காரணத்தைக் கண்ணெதிரே காட்டும் கருவி நம் அருகிலேயே இருக்கிறது. அதனை நாடிச் செல்வது நம் பொறுப்பாகும்.