பந்து எனது மட்டையில் பட்டது

பொறிஸ் பெக்கர், ஸ்ரெபி கிராப் ஆகியோரின் பெயர்கள் எமது பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களுக்கு முன்னரே ஜேர்மன் ரென்னிஸை உலகறியச் செய்தவர் கொட்பிரீட் வொன் கிறாம். இவரைப் பற்றி நாமும் அறிந்திருப்பது நல்லது.

1909 ஜூலை 7ஆம் திகதி கீழ்சக்சனி மாநிலத்தில் நெற்லிங்கன் என்ற ஊரில், நிலபுலமும் மாளிகைகளும் நிறைந்த பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு ஆண்பிள்ளைகளில் ஒருவர். 1934, 1936ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுச் சம்பியனானார். 1935 தொடக்கம் 1937 வரை மூன்று தடவை விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஆடித் தோற்றார்.

1935இல் அமெரிக்காவுடன் டேவிஸ் கிண்ண இரட்டையர் ஆட்டம். வெற்றிப் புள்ளி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் எண்ணிய வேளையில், பந்து தனது மட்டையில் பட்டதாக இவரே நடுவரிடம் சொன்னார். நடுவர் அதைக் காணவில்லை. ஆட்டம் கைநழுவிப் போனது.

இவரோடு ஜேர்மன் அணியில் ஆடியவர் டானியல் பிறென். ரஷ்யாவிலிருந்து தப்பிப் பேர்லின் வந்த யூதக் குடும்பத்தவர். 1933இல் யூதர் என்பதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டு, இங்கிலாந்துக்குப் போனார். ஒருமுறை அகதியானவர் மறுமுறையும் அகதியானார். கிறாம் தொடர்ந்து ஜேர்மனிக்காக ஆடினார். அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாசிக் கட்சியில் சேர மறுத்தார்.

1938 மார்ச்சில் கைதானார். மனாசே ஹேர்ப்ஸ்ற் என்ற யூத நடிகருடன் கொண்டிருந்த உறவே குற்றமாக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறிய அவருக்குப் பணம் அனுப்பியதும் வழக்கில் பேசப்பட்டது. ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலையானார். அந்தத் தண்டனையைக் காரணங்காட்டி 1939இல் அமெரிக்கா விசா மறுத்தது. அவரைத் தண்டித்த 175ஆம் பிரிவு ஜேர்மன் சட்டத்திலிருந்து முற்றாக நீங்கியது 1994இல்தான்.

போரின் பின், 1951இல் மீண்டும் விம்பிள்டனில் ஆடினார். அவரை வென்றவர் யரோஸ்லாவ் டிறொப்னி. 1949இல் செக்கோசிலோவாக்கியாவை விட்டு வெளியேறி, எகிப்துக் குடியுரிமையுடன் ஆடியவர். பின்னாளில் பருத்தி வணிகத்தில் ஈடுபட்ட கிறாம், 1976இல் எகிப்தில் வாகன விபத்தில் காலமானார்.

செல்வமும் பட்டமும் புகழும் இருந்தும், சொந்த நாட்டுச் சிறையிலிருந்து அவை அவரைக் காக்கவில்லை. கடவுச்சீட்டும் விசாவும் மறுக்கப்படுவதன் வலி எமக்குப் புதிதல்ல. இன்று பேர்லினில், அவர் ஆடிய கழகத்தின் அருகே ஒரு வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது. ரென்னிஸ் மட்டையுடன் போகும் எமது பிள்ளைகளுக்கு அந்த 1935ஆம் ஆண்டுக் கதையையும் சொல்லி அனுப்புவோம்.