மூன்று மில்லிமீட்டர் உயரம்

16 மீட்டர் பள்ளம். அக்கரை போக வேண்டியது 10 டன் லாரி. பாலி பிரிட்ஜ் ஆடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கட்டம் பழக்கமானதுதான். எண்கள் மட்டும் கணக்குக்குத் தோதாக நான் வைத்துக்கொண்டவை. நியூசிலாந்தின் டிரை கேக்டஸ் உருவாக்கிய இந்த கேம் 2016இல் கணினிக்கும், 2017 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்தது. பாலம் நின்றால் மட்டும் போதாது, குறித்த தொகைக்குள் முடிய வேண்டும். எனக்கு இந்த கேம் பிடித்ததே அந்தத் தொகையால்தான்.

முதலில் எத்தனை சட்டம் வேண்டும்? 1864இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தந்த விதி இருக்கிறது: மூட்டுகளை 2ஆல் பெருக்கி 3ஐக் கழிக்க வேண்டும். சதுரத்துக்கு மூட்டு 4, வேண்டிய சட்டம் 5, இருப்பதோ 4. அதனால்தான் அது சாய்ந்து படுத்துவிடுகிறது. குறுக்கே ஒன்று போட்டதும் விறைத்து நிற்கிறது. நம் பள்ளத்துக்கு, 1848இல் காப்புரிமை பெற்ற வாரன் டிரஸ் என்ற முக்கோணச் சட்டகம் போதும். எல்லாமே 2 மீட்டர் சட்டங்கள், எல்லாமே சமபக்க முக்கோணங்கள். கீழே 8, மேலே 7, சாய்வில் 16; ஆக 31. மூட்டுகள் 17, விதிப்படி வருவதும் அதே 31. ஒரு சட்டம்கூட வீணில்லை. கீழ்வரிசை 16 மீட்டர் சாலை, மீதி 46 மீட்டர் மரம்.

இங்கேதான் கை குறுகுறுக்கும். டிரஸின் உயரம் 1.73 மீட்டர். அதை 1 மீட்டராக்கினால் சாய்சட்டம் ஒவ்வொன்றும் 1.41 மீட்டராகி, மரம் 36.6 மீட்டரில் முடிந்துவிடும். 9.4 மீட்டர் மிச்சம், ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் லாரி நடுவில் இருக்கும்போது மேல்வரிசையின் நடுச்சட்டத்தில் விழும் அமுக்கம் 23 டன்னிலிருந்து 40 டன்னுக்கு ஏறுகிறது. மரச்சட்டம் 25 டன் தாங்கும் என்று வைத்தால் உயரமான பாலத்துக்குக் கவலையில்லை. குட்டையான பாலத்தின் மேல்வரிசையிலோ 10, 20, 30, 40, 30, 20, 10 டன். நடு மூன்றையும் ஸ்டீலாக்க வேண்டும். ஸ்டீல், மரத்தைப்போல் இரு மடங்கு விலை என்றால் 6 மீட்டர் மரத்தின் செலவு கூடுகிறது: 42.6. இப்போதும் லாபம்தான்.

லாரியை ஓட்டிப் பார்த்தால், 4 மீட்டரை எட்டுமுன்பே பாலம் முறிகிறது.

பல இரவுகள் நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். லாரி 4 மீட்டரில் இருக்கும்போது அதற்கு நேர் மேலேயுள்ள சட்டத்தில் 30 டன். லாரி நடுவில் இருந்தபோது அதே சட்டத்தில் 20தான். லாரி நிற்கக்கூடிய ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கெழுதி, ஒவ்வொரு சட்டத்துக்கும் வந்த பெரிய எண்ணை மட்டும் எடுத்தால் வரிசை மாறுகிறது: 17.5, 30, 37.5, 40, 37.5, 30, 17.5. மூன்றல்ல, ஐந்து ஸ்டீல். 36.6உடன் 10 சேர்த்தால் 46.6. சிக்கனத்துக்காகக் குறைத்த பாலம், குறைக்காததைவிட 0.6 மீட்டர் மரத்தின் விலை அதிகம்.

கையடக்கத் திரையில் இந்தத் தவறு இன்னும் சுலபம். ஸ்விட்சின் முதல் மாடலில் திரை 6.2 அங்குலம், அகலம் ஏறக்குறைய 13.7 சென்டிமீட்டர். அதற்குள் 32 மீட்டர் காட்சி தெரிந்தால் 2 மீட்டர் சட்டம் 8.6 மில்லிமீட்டர், விரல்நுனி வைத்தால் மறைந்துவிடும். நான் குறைத்த 0.73 மீட்டர் உயரம் வெறும் 3 மில்லிமீட்டர். கணக்கு முழுவதும் அந்த மூன்று மில்லிமீட்டரில் இருக்கிறது.

இதுவரை சட்டங்களின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. 16 மீட்டருக்கு, கணக்கைக் கற்றுக்கொள்ளும்வரை, அதை விட்டுவைக்கலாம். கனடாவின் கியூபெக் பாலத்தில் நடு இடைவெளியை 488 மீட்டரிலிருந்து 549 மீட்டராக நீட்டியபோது, கூடிய எடைக்கு விசைகளை உரிய நேரத்தில் திரும்பக் கணக்கிடவில்லை. போக்குவரத்து தொடங்குமுன்பே, 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் தென்பகுதி தன் எடையிலேயே விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே ஊரின் மோஹாக் தொழிலாளர்கள். மறுபடி கட்டும்போது 1916இல் நடுப்பகுதியைத் தூக்கி ஏற்றுகையில் அது ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். பாலம் 1917இல் முடிந்தது. 549 மீட்டர், 88 உயிர்.