தனியா ரோல்பிளே கேம் ஆட முடியுமா? கதையை டைஸ் நகர்த்துவது எப்படி?

'சனிக்கிழமை கண்டிப்பா ஆடுறோம்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் தம்ஸ்-அப் போடுவார்கள். சனிக்கிழமை வந்தால் ஒருவருக்கு ஷிப்ட், இன்னொருவருக்கு ஊரில் கல்யாணம். அப்போ தனியாக ஆடலாமா? தாராளமாக. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது 1974இல். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், டைஸ் போட்டே நிலவறையை அமைத்துத் தனியாக ஆடுவதற்கான அட்டவணைகளை அடுத்த வருடமே வெளியிட்டுவிட்டார்.

என்ன சிக்கல்?

குழுவாக ஆடும்போது, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கேம் மாஸ்டருக்குத்தான் தெரியும். தனியாக ஆடினால் கேள்வி கேட்பதும் நீங்கள், பதில் சொல்வதும் நீங்கள். நம்ம மனசு தெரிஞ்ச வழியிலேயே போகும். ஹீரோ தோற்கவே மாட்டார். நாலாவது சீனில் போரடித்துவிடும்.

டைஸ் என்ன செய்கிறது?

ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட 'அயர்ன்ஸ்வார்ன்' விளையாட்டைப் பார்ப்போம். இதன் பிடிஎஃப் இலவசம். கதையில் சந்தேகம் வந்தால், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்கணும். 'ஆம்' என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, இரண்டு பத்துமுக டைஸ்களை உருட்டி 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை எடுக்கணும். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், 51 அல்லது அதற்கு மேல் வந்தால் 'ஆம்'. வாய்ப்பு அதிகம் என்றால் 26 வந்தாலே போதும்.

ராத்திரி ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள். 'வாசலில் காவலர் இருக்கிறாரா?' வாய்ப்பு அதிகம்தான். ஆனால் விழுந்தது 19. ஆள் இல்லை!

ஏன் இல்லை?

இதற்குத்தான் சொல் அட்டவணை. வீட்டிலேயே ஒன்று தயார் செய்யலாம்.

செயல்: 1. மறை 2. தேடு 3. காப்பாற்று 4. திருடு 5. உடை 6. காத்திரு

பொருள்: 1. கடன் 2. குழந்தை 3. தண்ணீர் 4. சத்தியம் 5. நோய் 6. பழைய நண்பன்

சாதாரண ஆறுமுக டைஸை இரண்டு முறை உருட்டினால் 36 ஜோடிகளில் ஒன்று கிடைக்கும். 1, 5 விழுந்தால் 'மறை', 'நோய்'. ஊருக்குள் நோய் பரவியிருக்கிறது. வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டைஸ் கொடுத்தது இரண்டு சொல்தான். மிச்சத்தைக் கட்டியது உங்கள் மூளை.

ஒரு டிப்ஸ்

இரண்டு டைஸைக் கூட்டினால், 7 வர 6 வழிகள். 2 வர ஒரே வழி. அதனால் கூட்டுத்தொகையை வைத்து அட்டவணை போட்டால், அடிக்கடி நடப்பதை நடுவிலும் அபூர்வமானதை ஓரத்திலும் எழுதுங்கள்.

பிடிக்காத பதில் வந்தால்?

கதைக்குப் பொருந்தவே இல்லைன்னா மறுபடி உருட்டலாம். 'ஐயோ, இப்படி ஆயிடுச்சே' என்று தோன்றினால் மட்டும் உருட்டாதீங்க. நீங்களாகத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டாத திருப்பம் அது. அதற்காகத்தானே டைஸைக் கையில் எடுத்தீர்கள்?