பாம்பு தீண்டினால்...

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. நானும் நடுங்கியவனே. என் பத்தாம் வயதில், கடலைக் காட்டில் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் தீண்டியது. என் தந்தையார் ஓடிச் சென்று முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டினார். கடிவாயைப் பிளேடால் கீறினார். பிறகு மந்திரிப்பவரைத் தேடி அலைந்தோம். மருத்துவமனையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சித்தப்பா பிழைத்தார், அவர் கால் பிழைக்கவில்லை.

அன்று எங்கே தவறினோம் என்பதைச் சென்ற ஆண்டு சேர்வராயன் மலையில் நடந்த மாணவர் படை முகாமில்தான் அறிந்தேன். ஒரு நாள் முழுவதும் காட்டு முதலுதவிப் பயிற்சி அளித்தார்கள்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பவை. விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. கீறினால் குருதி நிற்காது. இறுகக் கட்டினால் இரத்த ஓட்டமின்றித் தசை அழுகும். கட்டுவிரியன் நஞ்சோ நரம்பைத் தாக்குவது. வலியும் வீக்கமும் பெரிதாக இரா. இமைகள் தொங்கும், பின்னர் மூச்சுத் திணறும். ஆகவே வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது.

செய்யத்தக்கவை சிலவே. கடிபட்டவருக்குத் தைரியம் கூறிப் படுக்க வையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வது போலச் சட்டம் வைத்து, இறுக்காமல், உறுப்பு அசையாதபடி கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. நச்சுமுறி மருந்து இந்நான்கிற்கும் ஒன்றே. 1978இல் வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சு இம்மருந்து செய்யப் பயன்படுகிறது. அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள்.

இரு மூங்கில் கழிகளில் போர்வையைச் சுற்றித் தூக்குப் படுக்கை செய்து, ஒரு நண்பனை மலைப்பாதையில் சுமந்தோம். ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் நால்வர் தோளும் ஓய்ந்தன. ஆள் மாற்ற இன்னும் நால்வர் வேண்டும். ஒரு நிமிடமும் வீணாக்காமல் புறப்படவும் வேண்டும் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

விடுமுறையில் இவற்றை ஊரில் சொன்னேன். தந்தையார் தலை குனிந்து கேட்டிருந்தார். சித்தப்பாதான், "அண்ணன் அன்றைக்குப் பாசத்தில்தானே கட்டினார்" என்றார். உண்மைதான். ஆனால் பாசம் மட்டும் போதாது, நண்பர்களே! அதற்குத் துணையாக அறிவும் வேண்டும்.