மேகத்தை ஊடுருவும் குட்டிக் கோள்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் பெருகும் நேரத்தில் விண்ணிலிருந்து படம் எடுத்தால், கேமரா செயற்கைக்கோளுக்குச் சிக்குவது பெரும்பாலும் மேகத்தின் முதுகுதான். ரேடார் செயற்கைக்கோளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. அதற்கு நள்ளிரவும் பகல்தான்.

ஆனால் அந்தப் படத்தைப் படிக்கப் பழக வேண்டும். ரேடார் நேர்கீழே பார்க்காது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும். அலையடிக்காத தண்ணீர் நுண்ணலைகளை அப்பால் தெறிக்க விடுவதால் கண்மாய் கருப்பாக விழும். சுவரும் தரையும் சேரும் மூலைகள் வந்த வழியே திருப்பி அனுப்புவதால் தெருக்கள் பளிச்சிடும். தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியிருந்தால் போச்சு, கண்மாயே வயல்போல ஏமாற்றும். குன்றம் இன்னும் வேடிக்கை. கோள் கிழக்கே நின்று பார்த்தால், அடிவாரத்தைவிட உச்சி அதற்குக் கிட்டத்தில் இருப்பதால், மலை கிழக்கே கவிழ்ந்தது போலிருக்கும்.

தெளிவான படத்துக்கு நீளமான ஆன்டெனா வேண்டும். அதைத் தூக்கிச் செல்லவும் வேண்டியதில்லை. நொடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. ஓடும் கோள், வழிநெடுக வாங்கும் எதிரொலிகளைக் கணக்குப் போட்டு ஒன்று சேர்த்தால், கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஆன்டெனாவின் வேலை நடந்துவிடும். மின்சாரம்தான் பெரும்பாடு, அதற்கான ஏற்பாடுகளால் கோள் கனக்கும். 2012-இல் இஸ்ரோ ஏவிய ரேடார் கோளான ரிசாட்-1-இன் எடை 1,858 கிலோ. 2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சுமந்து சென்ற பின்லாந்தின் ஐஸ்ஐ-எக்ஸ்1, நூறு கிலோவுக்கும் கீழே. அந்த அளவில் அதுவே முதல் ரேடார் கோள். ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் மட்டும் ரேடாரை இயக்கி, மற்ற நேரம் பேட்டரியை நிரப்பிக்கொள்வதுதான் இத்தகைய குட்டிக் கோள்களின் சூட்சுமம். விலை குறைவு என்பதால் கூட்டமாக அனுப்பி, ஒரே இடத்தை அடிக்கடி பார்க்கலாம்.

நெல்லுக்கு இந்தக் கூட்டம் தேவையில்லை என்பேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரேடார் படங்களில் நெல் பரப்பைக் கணக்கிட்டிருக்கிறது: நட்ட வயல் தண்ணீரால் கருத்திருக்கும், பயிர் தூர் கட்டக் கட்ட வெளுக்கும். நான்கு மாதப் பயிருக்கு, 12 நாளுக்கொரு முறை அதே பாதைக்குத் திரும்பும் ஐரோப்பாவின் சென்டினல்-1 போதும், படமும் இலவசம்.

கண்மாய்க் கரை உடைந்தால் 12 நாள் காத்திருக்க முடியாது. அன்றைக்கே மேலே கடக்க ஒரு கோள் வேண்டும், அதற்குத்தான் குட்டிகள். ஆனால் தனியார் கோள்களின் படத்தைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது.