கழிவுப் பொருளால் கழிவுநீரைத் திருத்துதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் வாழ்வோர்க்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் வறண்டு கிடக்கும். கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நோக்கிக் காத்திருக்கும். அடித்துச் செல்ல ஆற்றுநீர் இல்லாமையால், வீட்டுக் கழிவுநீரும் சாயப்பட்டறை நீரும் விட்ட இடத்திலேயே ஊறி நிலத்தைக் கெடுக்கும். ஆதலின் அவற்றைத் திருத்தும் வகையை அறிதல் நம் கடமையாகும்.

அழுகும் பொருள்களை உண்டு வாழும் நுண்கிருமிகள் எங்கும் உள. அவற்றிற்கு வேண்டுவன இரண்டு: பற்றி வாழ ஓரிடம், சுவாசிக்கப் பிராணவாயு. சொரசொரப்பான துண்டுகளின்மீது கழிவுநீர் மெல்ல வழியுமாயின், சில வாரங்களில் வழுவழுப்பான படலம் ஒன்று படியும். அதுவே கிருமிகளின் குடியிருப்பு.

அக்குடியிருப்புக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டா. 1890களில் லண்டன் நகரை அடுத்த பார்க்கிங்கில் ரசாயன நிபுணர் டிப்டின் என்பார் கற்கரித் துண்டுகளைப் பரப்பி இதனைச் சோதித்தார். நம் ஊர்களில் உடைந்த ஓடும் செங்கல்லும், தேங்காய் நாரும், சீமைக் கருவேலங் கரிமூட்டத்தில் மிஞ்சிய கரித்துண்டும், நறுக்கிய பிளாஸ்டிக் புட்டிகளும் இதற்கு உதவும். துண்டுகளிடையே காற்று நுழைய இடம் வேண்டும், தூளாயின் அடைத்துக்கொள்ளும். நார் நாளடைவில் மக்குமாதலின் மாற்றல் வேண்டும். நீரை முன்னதாக ஒரு தொட்டியில் தெளியவைத்தலும், உதிரும் படலத்தைப் பின்னர் வேறொரு தொட்டியில் படியவைத்தலும் இன்றியமையாதன. இவ்வாறு வீட்டுக் கழிவுநீர் மரங்களுக்குப் பாய்ச்சத் தக்கதாகும், குடிக்கத் தக்கதாகாது.

சாயநீரின் இயல்பு வேறு. அஸோ வகைச் சாயங்களைக் காற்றில்லாத தொட்டியில் கிருமிகள் சிதைக்க, நிறம் மங்கும். ஆனால் அப்போது தோன்றும் அமைன்களுள் சில நச்சுடையன; அவற்றை அழிக்கப் பின்னர்க் காற்றோட்டமுள்ள படுகை வேண்டும். ஆகவே நிறம் நீங்கியதனாலேயே நீர் தூயதாயிற்று என எண்ணலாகாது. மேலும், பருத்தி நூலில் சாயம் ஏறுதற்கு இடும் உப்பை எக்கிருமியும் உண்பதில்லை. வெயில் மிக்க நிலத்தில் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் பெருகும். திருப்பூரில் நொய்யலாறு கெட்டதும், கழிவை முற்றும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் நாம் அறிந்தனவே.

ஆதலின், முதலிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு: சாயநீரை வீட்டு நீரோடு கலவாது பிரித்தல். ஓட்டுத் துண்டும் நாரும் வீட்டு நீரைத் திருத்தும். சாயநீரின் உப்பைப் பிரிக்கும் பொறுப்பு அதனை இடுவோரையே சாரும். இரண்டும் கலந்துவிட்டால், மரத்துக்கு ஆகும் நீரையும் நாம் இழப்போம்.